ஈ பறந்துபோன சாயப்பட்டறை

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. அப்போது திருப்பூரில் இருந்தவர்கள் அந்தத் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலைக்கு வரும்வரை சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் மூடியே இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலில் வருஷக்கணக்காகக் கலர் கலராக ஓடிய தண்ணீரும், அது ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி விவசாயத்தைக் கெடுத்த கதையும் ஊருக்கே தெரியும். அதனால் உத்தரவைக் கேட்டு யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு வந்த பிரச்சினை வேறு. கையிலிருந்த ஆர்டருக்கு நிட்டிங் முடிந்து துணி தயார். சாயம் மட்டும் ஏறவில்லை. ஷிப்மெண்ட் தள்ளிப்போகும் என்று, வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் போட வேண்டும்.

அப்போது நான் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியின் டாக்குமென்டேஷன் பிரிவில் ஐந்து வருஷம் முடித்திருந்தேன். தாராபுரம் பக்கம் தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்து வந்தவள். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது எனக்கு இட்லி ஊற்றுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. நீதிமன்ற உத்தரவு வந்திருக்கிறது, திருப்பூரின் டையிங் யூனிட்டுகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, வெளியூரில் சாயம் போட ஏற்பாடு செய்கிறோம் என்று நாலு பாரா எழுதி அனுப்பினேன்.

மறுநாள் நெதர்லாந்திலிருந்து பதில் வந்தது. இத்தனை யூனிட்டுகள் செத்துக்கொண்டிருப்பதை அறிந்து வருந்துகிறோம், அவை பிழைத்து எழுந்து மறுபடியும் சாயம் போடும் நாளை எதிர்பார்க்கிறோம், கெடுவை இரண்டு வாரம் நீட்டித்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கேலியா நிஜமான அனுதாபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்ப் பேங்க் சாரிடம் காட்டினேன்.

பேங்க் சார் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்து, வங்கிக்குப் போகும் காகிதங்களைச் சரிபார்த்துத் தருவார். நான் அனுப்பிய மெயிலையும் வந்த பதிலையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மிணி, ஈ பறந்து போச்சு பாரு.”

“என்னுங்க சார்?”

“டி, ஒய், ஈ, ஐ, என், ஜி. ஒய்க்கும் ஐக்கும் நடுவுல ஒரு ஈ உக்காந்திருக்கோணும். நீ அதைத் தொரத்தி உட்டுட்டே. ஈ இருந்தா சாயம். ஈ போயிருச்சுன்னா சாவு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆனா நீ எழுதுனதும் தப்புன்னு சொல்ல முடியாது போ. ஊரு நெலமை அப்படித்தான இருக்குது” என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. கம்ப்யூட்டர் மேல். ஒரு எழுத்து பிசகினாலே சிவப்புக் கோடு போட்டு மானத்தை வாங்கும் அது, இதற்கு ஏன் வாயைத் திறக்கவில்லை? பேங்க் சார் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

ஏற்றுமதித் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்.சி. என்று நாங்கள் சொல்லும் லெட்டர் ஆஃப் கிரெடிட், வாங்குபவருக்காக அவருடைய வங்கி பணம் தருவதாக ஒப்புக்கொள்ளும் கடிதம். அதில் வங்கி சரக்கைப் பார்க்காது. காகிதத்தைப் பார்த்துத்தான் பணம் தரும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் கம்பெனி தரும் பி.எல். என்ற சரக்கு ரசீது எல்லாம் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கிறதா என்று ஐந்து வங்கி வேலை நாட்களுக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு உலகம் முழுக்க வங்கிகள் கைக்கொள்ளும் விதிகள் 2007 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் யூ.சி.பி. 600. அந்த விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்லும் துணைப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் எழுத்துப் பிழைக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. சொல்லின் பொருளையோ வாக்கியத்தின் பொருளையோ மாற்றாத பிழை குறையாகாது என்கிறது அது. மெஷின் என்ற சொல்லில் சி-க்குப் பதில் எஸ் விழுந்தாலும், ஃபவுன்டன் பேனாவில் ஐ விடுபட்டாலும், மாடலில் கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினாலும் பரவாயில்லை. ஆனால் மாடல் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று அடித்தால் அதை அச்சுப் பிழை என்று தள்ளிவிட முடியாது. 123 என்று வேறொரு மாடல் இருக்கக்கூடும்.

“செத்த வார்த்தையாப் போயி உழுந்தாத் தப்பிச்சுக்கலாம் அம்மிணி” என்றார் பேங்க் சார். “உசுரோட இருக்கற இன்னொரு வார்த்தை மேல போயி உழுந்தாத்தான் வம்பு.”

சிவப்புக் கோட்டின் சங்கதியும் அதேதான். அகராதியில் இல்லாத சொல்லைத்தான் அதற்குப் பிடிக்கத் தெரியும். சாவதும் அகராதியில் இருக்கிறது, சாயம் போடுவதும் இருக்கிறது. எனக்கு எது வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? இப்போது வரும் மென்பொருள்கள் வாக்கியத்தைப் பார்த்து நீலக் கோடு போடுகின்றன. உதவிதான். ஆனால் பனியன் தொழிலின் வாக்கியங்கள் அதற்கே விநோதமாகப் படுகின்றன போலிருக்கிறது, சரியாக எழுதியதற்கும் கோடு போட்டுக் கழுத்தறுக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு இதில் ஒரு பித்து பிடித்துவிட்டது. ஓர் எழுத்தில் வேறுபடும் ஆங்கிலச் சொற்களைப் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். (டைரி என்ற சொல்லையே நான் ஒரு காலத்தில் பால் பண்ணையாக எழுதிக்கொண்டிருந்தேன். ஐயும் ஏயும் இடம் மாறினால் நாட்குறிப்பில் பால் கறக்கலாம்.)

முதலில் அந்த ஈயைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஈ-யில் முடியும் வினைச்சொல்லோடு இங் சேரும்போது ஈ உதிர்ந்துவிடும் என்பது ஏழாம் வகுப்பிலேயே படித்தது. அந்த விதிப்படி சாயத்துக்கும் ஈ உதிரத்தான் வேண்டும். உதிர்ந்தால் சாவோடு போய் முட்டும். அதனால் விதியை ஒதுக்கிவிட்டு ஈயை அங்கேயே உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு ரொம்பப் பழையதும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் அடிசன் சாயம், சாவு இரண்டையும் ஒய் போட்டு எழுதியிருக்கிறார். சாமுவேல் ஜான்சனோ 1755-இல் வெளியிட்ட தம் அகராதியில் இரண்டையும் ஐ-ஈ போட்டு எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தின் ஜாம்பவான்கள் இருவருக்கும் இவை ஒரே எழுத்துக்கூட்டுதான். 19-ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய பாகப்பிரிவினை உறுதிப்பட்டது. ஒரு 250 வருஷம் முன்னால் பிறந்திருந்தால் என் மெயிலில் யாரும் குற்றம் கண்டிருக்க முடியாது.

இதே காவல் வேலையை ஈ இன்னோர் இடத்திலும் பார்க்கிறது. அதுவும் துணித் தொழிலில்தான். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிசிறுகளைத் தீச்சுவாலையில் காட்டிப் பொசுக்கி எடுக்கும் வேலைக்கு சிஞ்சிங் என்று பெயர். அதற்கு ஜி-க்கு அடுத்து ஈ கட்டாயம் வேண்டும். விட்டுவிட்டால் துணி பாட ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு புராசஸ் ஷீட்டை நான் பார்த்திருக்கிறேன். பாடல், அப்புறம் சலவை, அப்புறம் சாவு. ஏதோ இழவு வீட்டு நிகழ்ச்சி நிரல் மாதிரி இருந்தது.

எங்களுக்கு இந்தக் குழப்பம் வரும் வழி ஆங்கிலேயனுக்கு வரும் வழி இல்லை என்பது பட்டியல் நீள நீளத்தான் புரிந்தது. அவன் பிறந்ததிலிருந்து காதால் கேட்டு வளர்ந்தவன். ஒரே ஓசை உள்ள சொற்களை எழுதும்போது தடுமாறுவான். கல்லூரி முதல்வரும் கொள்கையும் அவன் காதில் அச்சு அசலாக ஒன்று. நமக்கு ஒருவர் பிரின்சிபால், மற்றது பிரின்சிப்பிள். முதல்வர் சொல்லின் வாலில் பி, ஏ, எல் என்று பால் இருக்கிறது, அவர் பால் குடிப்பார் என்று வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் மறக்காது. அதே மாதிரி ‘அவர்களுடைய’, ‘அங்கே’ என்ற பொருள்களில் வரும் இரண்டு தேர்களையும் நாம் கண்ணால் படித்து, ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்து கற்றவர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பையர்கள் அதில் தவறுவதைப் பார்த்து நான் அல்பமாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

நாம் மாட்டுவது வேறு இடங்களில். நம் வாயில் இல்லாத ஓசைகளில். அந்த இழுபடும் இசட் ஓசை தமிழில் கிடையாது. அதனால் விலையும் பரிசும் நமக்கு ஒரே பிரைஸ்தான். எங்கள் ஆபீஸிலிருந்து போன எத்தனை கொட்டேஷன்களில் ‘எங்கள் மிகச் சிறந்த பரிசை இத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று போயிருக்கும் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். பையர் ஒரு காசு குறைக்கச் சொல்லிக் கேட்டால் ‘பரிசைக் குறைக்க இயலாது’ என்றும் எழுதியிருப்போம். பின்னாளில் தேடிப் பார்த்தபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. விலை, பரிசு, பாராட்டு என்ற பொருள்களில் வரும் பிரைஸ், பிரைஸ், பிரெய்ஸ் மூன்றும் லத்தீனில் மதிப்பு என்று பொருள்படும் ஒரே சொல்லின் வயிற்றில் பிறந்தவை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு எழுத்தில் தனிக்குடித்தனம் போனவை. நம் ஊரில் பரிசும் இருக்கிறது, பெண் வீட்டில் போய்ப் போடும் பரிசமும் இருக்கிறது. ஒன்றைக் கொடுக்க வேண்டிய இடத்தில் மற்றதைக் கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடும்.

லூஸும் இதே ரகம்தான். இழப்பதற்கு ஓர் ஓ, தொளதொளப்புக்கு இரண்டு ஓ. நாம் இரண்டையும் லூஸ் என்கிறோம், மூன்றாவதாகப் புத்தி பிசகியவரையும் லூஸ் என்கிறோம். ‘இந்த ஆர்டரைத் தொளதொளப்பாக்க விரும்பவில்லை’ என்று என் பக்கத்து மேஜைப் பையன் எழுதிய மெயிலை அனுப்பும் முன் நான் பிடித்தேன். தொளதொளவென்று இருக்கும் பனியனில் கழுத்து அகலம், அதனால் ஓ இரண்டு என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் இப்போது தனியாக ஏஜென்சி வைத்திருக்கிறான், நன்றாகவே எழுதுகிறான்.

வேஸ்ட் விஷயம்தான் நிஜமாகவே பணத்தில் முடிந்தது. திருப்பூரில் வேஸ்ட் என்றால் கட்டிங் மேஜையிலிருந்து விழும் துண்டுத் துணி. மூட்டை கட்டி எடைக்குப் போடுவது. அதை நம்பியே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அளவு அட்டவணையில் வருவதோ இடுப்பு. இரண்டுக்கும் தமிழ்க் காதில் வித்தியாசமே இல்லை. எங்கள் கம்பெனியில் ஓர் அட்டவணையை மறுபடி டைப் அடிக்கும்போது இடுப்பு என்று இருக்க வேண்டிய தலைப்பில் கழிவு என்று விழுந்துவிட்டது. கட்டிங் பிரிவில் இருந்தவர் அந்தப் பத்தியைக் கட்டிங் வேஸ்ட் கணக்கு என்று நினைத்து ஓரமாக விட்டுவிட்டார். பழைய மாதிரி அளவிலேயே இடுப்பு வெட்டப்பட்டது. சாம்பிள்தான், மொத்த ஆர்டர் இல்லை, அதனால் தப்பித்தோம். ஆனாலும் கூரியர் செலவும் ஒரு வாரமும் போனது போனதுதான். யார் டைப் அடித்தது என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. ஊகித்துக்கொள்ளுங்கள்.

அட்வைஸ் என்ற சொல்லில் எனக்கு வேறொன்று புலப்பட்டது. இந்தியாவில் ஆங்கில மெயில் எழுதும் ஆபீஸ்களில் தினசரி பூஜை மந்திரம் ‘தயவுசெய்து அட்வைஸ்’ என்பது. சி போட்டால் அறிவுரை என்ற பெயர்ச்சொல், எஸ் போட்டால் தெரிவிப்பது என்ற வினை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சி-தான் போடுவார்கள். ஏன் என்று யோசித்தால் நம் பண்ணு என்ற சொல்தான் காரணம் என்று தோன்றுகிறது. ஆங்கிலச் சொல் எது வந்தாலும் அதைப் பெயராக்கிப் பக்கத்தில் ஒரு பண்ணு சேர்த்துவிடுகிறோம். அட்வைஸ் பண்ணாதே, பிராக்டிஸ் பண்ணு. வினையின் உருவம் நமக்குத் தேவைப்படுவதே இல்லை. பிராக்டிஸுக்கும் லைசென்ஸுக்கும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் இதே சி-எஸ் சட்டம்தான். பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்கர்கள் பிராக்டிஸை முழுக்க சி-யிடமும் லைசென்ஸை முழுக்க எஸ்-இடமும் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு அட்வைஸ் பிடிபட்டது எல்.சி.யால். எல்.சி. வந்திருக்கிறது என்று நமக்குத் தெரிவிக்கும் வங்கியின் பெயரே அட்வைஸிங் பேங்க். வாரத்துக்கு நாலு முறை அந்த எஸ்ஸைப் பார்த்துக் கண் பழகிவிட்டது.

அஃபெக்ட், எஃபெக்ட் பற்றி எல்லோரும் ஒரு சூத்திரம் சொல்வார்கள். ஏ-யில் தொடங்கினால் வினை, ஈ-யில் தொடங்கினால் பெயர். நானும் நம்பினேன். எங்கள் எல்.சி.யில் பார்த்தால் ‘இன்சூரன்ஸ் வாங்குபவரால் எஃபெக்ட் செய்யப்படும்’ என்று ஈ போட்டு, வினையாக, வங்கியே எழுதியிருக்கிறது. தப்பு கண்டுபிடித்துவிட்ட குஷியில் பேங்க் சாரிடம் ஓடினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. நடத்தி முடிப்பது என்ற பொருளில் ஈ-யும் வினையாக வரும், நீ போய் மாற்றி அடித்திருந்தால் இன்சூரன்ஸைப் பாதிப்பார்கள் என்று ஆகியிருக்கும் என்றார். அதிலிருந்து ஒரு வரிச் சூத்திரங்கள் மேல் எனக்கு மரியாதை போய்விட்டது. முக்கால்வாசி நேரம் வேலை செய்யும். மிச்சக் கால்வாசியில்தான் பணம் மாட்டிக்கொண்டிருக்கும்.

சூத்திரங்களைவிட எனக்குக் கை கொடுத்தவை கதைகள். குறிப்பாகத் துணிக் கதைகள்.

காலண்டர் என்றால் நம் எல்லோருக்கும் சிவகாசிதான். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் வாலில் ஏ-ஆர். எங்கள் ஊரிலும் ஈரோட்டிலும் இன்னொரு காலண்டர் இருக்கிறது. சூடான உருளைகளுக்கு நடுவே துணியை விட்டுச் சுருக்கம் எடுத்து வழவழப்பாக்கும் மிஷின். அந்த வேலையைக் காலண்டரிங் என்போம். அதற்கு ஈ-ஆர். சிவகாசிக் காலண்டரின் மூலம் லத்தீனில் கணக்குப் புத்தகம். மாதத்தின் முதல் நாளான கலெண்டே அன்று ரோமில் கடன், வட்டியெல்லாம் அடைக்க வேண்டும், அதை எழுதி வைத்த புத்தகம். ஈரோட்டுக் காலண்டர் கிரேக்க மொழியின் உருளை என்ற சொல்லிலிருந்து வந்தது, நம் வீட்டு கேஸ் சிலிண்டருக்குப் பங்காளி. இவை இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்தில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. ஒரு பில்லில் ‘காலண்டர் கட்டணம், கிலோவுக்கு’ என்று ஏ-ஆர் போட்டு வந்தபோது, தினசரிக் காலண்டரை எடைக்கு விற்கிறார்களா என்று எங்கள் அக்கவுண்டன்ட் அண்ணன் கேட்டார். பழைய பேப்பர் கடையில் அப்படித்தான் எடுப்பார்கள் என்று ஆபீஸ் பையன் சொன்னான்.

இதற்கு நேர்மாறாக, ஒட்டே இல்லாதவை போலத் தோன்றி ஒரே ரத்தமாக இருப்பவை உண்டு. பின்னலாடைத் துணியில் குறுக்கு வரிசைக்கு கோர்ஸ், நெடுக்கு வரிசைக்கு வேல்ஸ். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோர்ஸ் என்று ஸ்பெக் ஷீட்டில் எழுத வேண்டும். தடித்த, சொரசொரப்பான நூலும் கோர்ஸ்தான். வரிசைக்கு நடுவில் ஓ-யூ, சொரசொரப்புக்கு ஓ-ஏ. ஓட்டம், போக்கு என்ற பொருளில் வந்தது முதலாவது. வழக்கமான போக்கில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு என்ற பொருளில் அதிலிருந்தே கிளைத்தது இரண்டாவது என்பது அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கதை. சாதாரணம் எப்போது முரட்டுத்தனமாகக் கீழிறங்கியது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். 20-ஆம் நம்பர் தடித்த நூலில் செய்த பனியன்தான் எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கப் போட்டது.

கேன்வாஸ் இன்னும் வேடிக்கை. ஒரு எஸ் என்றால் முரட்டுத் துணி. கேன்வாஸ் ஷூ, ஓவியர்களின் கேன்வாஸ். இரண்டு எஸ் என்றால் ஓட்டு கேன்வாஸ். துணிச் சொல் கஞ்சாச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது, அந்தக் காலத்தில் அந்தச் செடியின் நாரில்தான் அந்தத் துணியை நெய்தார்கள். அந்தத் துணியில் ஆளைப் போட்டுத் தூக்கிப்போட்டு விளையாடுவது, பிறகு ஒரு விஷயத்தை அப்படிப் புரட்டிப் புரட்டி அலசுவது, பிறகு ஓட்டுக் கேட்பது என்று பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. தேர்தல் முடிந்தபின் தூக்கிப்போடப்படுவது யார் என்பது வேறு விஷயம்.

ஸ்டேஷனரிக்கு வருகிறேன். அசையாமல் நிற்பதற்கு ஏ-ஆர்-ஒய், பேனா பென்சிலுக்கு ஈ-ஆர்-ஒய். என்வலப்பில் ஈ இருக்கிறது, எழுதுபொருளிலும் ஈ இருக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள். அது போதும்தான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கதை தெரிந்தபின் எனக்கு என்வலப் தேவைப்படவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பெரும்பாலும் ஊர் ஊராகச் சுற்றி விற்பவர்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டிப் புத்தகம் விற்றவர்கள் மட்டும் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். நகராமல் நின்றவர்கள் என்பதால் அவர்களுக்கு ஸ்டேஷனர் என்று பெயர். லண்டனில் 1403-இலேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது, 1557-இல் அரச சாசனமும் வாங்கிவிட்டார்கள். ஸ்டேஷனர் விற்கும் சரக்கு ஸ்டேஷனரி. பேக்கரிலிருந்து பேக்கரி வந்த மாதிரி. ஆளின் பெயரிலேயே ஈ-ஆர் இருப்பதால் சரக்கிலும் ஈ-ஆர். அவ்வளவுதான் விஷயம். அலைகிற வியாபாரி, நிற்கிற வியாபாரி என்றதும் எனக்கு பனியன் ஞாபகம் வந்துவிடும். குஜராத்தி வியாபாரிகளைக் குறித்த வாணியோ என்ற சொல் போர்ச்சுகீசியர் வாயில் விழுந்து பனியன் ஆகி, அவர்கள் கடை விரித்த ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், அவர்கள் உடுத்திய தொளதொள மேலாடைக்கும் அதே பெயர். இப்போது மரத்துக்கு ஒய், நம் ஊர்ச் சட்டைக்குப் பெரும்பாலும் ஐ. எங்கள் ஊரே இந்த ஒரு எழுத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தின் இந்தக் கூத்தைப் பார்த்து நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. ர-ற, ல-ள-ழ, ன-ண என்று நமக்கும் மயங்கொலிகள் உண்டு. அவையும் உயிருள்ள சொல்லின் மேல்தான் போய் விழும். கல்யாணக் கூறைப்புடவையில் றகரம் மாறினால் வீட்டுக் கூரையை எடுத்து மணப்பெண்ணுக்குக் கட்டியது போல ஆகிவிடும். பேங்க் சார் எங்கள் ஆபீஸிலிருந்து விடைபெற்றபோது நாங்கள் அடித்த ஃப்ளெக்ஸில் ‘பனி நிறைவு விழா’ என்று பெரிய எழுத்தில் வந்துவிட்டது. இரண்டு சுழி ன. நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர் மாலையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்து, “கடைசியா எனக்கு ஐஸ் வெச்சு அனுப்பறீங்க” என்றார்.

அவர் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. காகிதத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிப்பது. நேராகப் படித்தால் மனம் தானாகவே சரியான சொல்லைப் போட்டுக்கொண்டு தாண்டிவிடும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாக வந்து நின்று முகத்தைக் காட்டும். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் தலை சுற்றும். இன்வாய்ஸ் ஒன்றுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நாம் ஏதோ செய்வினை வைக்கிறோம் என்று நினைப்பார்கள். பரவாயில்லை.

போன மாதம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். சுத்திகரிப்புக்கு ஆவியாக்கும் இயந்திரம் எல்லாம் வைத்து இப்போது நன்றாக ஓடுகிறது. வாசலில் புதுப் போர்டு. தகரத்தில் நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. நான் பார்த்ததும் சிரித்துவிட்டேன், ஓனர் ஏனுங்க என்று கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்சம் முகம் சுருங்கி, உடனே பெயின்டருக்குப் போன் போட்டார். ஒய்க்கும் ஐக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. முழுசாக அழித்து எழுத வேண்டும் என்றால் போர்டையே மறுபடி அடிக்க வேண்டும். பெயின்டர் ஏணி மேல் நின்றபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு எழுத்துக்கும் மேலே, சற்றே உயரத்தில், கறுப்பு மையில் சின்னதாக ஒரு ஈ போட்டுவிட்டு இறங்கிவிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் போர்டின் மேல் நிஜமாகவே ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரிகிறது. வாட்ச்மேன் அண்ணன் அன்று சாயங்காலமே துண்டை உதறி அதை இரண்டு தடவை விரட்டிப் பார்த்தாராம்.